சமையலறைச் சுவரில் ஒரு நோட்டு

என் தங்கை வீட்டுச் சமையலறைச் சுவரில், கைப்பேசிக்கு சார்ஜ் போடும் இடத்துக்குப் பக்கத்தில், நாற்பது பக்க நோட்டு ஒன்று ஆணியில் தொங்குகிறது. பேனாவையும் நூலில் கட்டி அதோடு சேர்த்து வைத்திருக்கிறாள். மகன் ராணுவப் பயிற்சிக்குப் போன ஏழு மாதத்தில் அவன் பேசிய ஒவ்வொரு அழைப்பும் அதில் இருக்கிறது. தேதி, எத்தனை நிமிடம், என்ன சொன்னான், அவ்வளவுதான். முதல் பக்கத்தில் இருப்பது ஒரே வரி: "சாப்பிட்டேன் அம்மா என்றான். வைத்துவிட்டான்."

பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளிலிருந்து யார் என்னிடம் யோசனை கேட்டாலும் முதலில் இந்த நோட்டைத்தான் சொல்கிறேன். பயிற்சி முடிந்ததும் நடக்கும் அணிவகுப்பு எந்தத் தேதி, எந்த வாயிலில் வந்து நிற்க வேண்டும், யார் யார் பெயரைக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த இரண்டு மூன்று நிமிடப் பேச்சில்தான் வந்து சேர்கின்றன. அவன் குரலைக் கேட்டதும் நெஞ்சு அடைத்துப்போய், சொன்னதில் பாதி காதில் விழாது. வைத்த பிறகு அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று என்று மூன்று தேதிகள் மனத்தில் நிற்கும். திருப்பி அழைத்துக் கேட்கவும் முடியாது, கைப்பேசி அவன் கையில் இருக்காது. எழுதி வைத்திருந்தால் மட்டுமே தப்பிக்கலாம்.

நான் பெங்களூரு அல்சூரில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறேன். ஏரிக் கரையில் காலை நடை போகும்போதெல்லாம் மெட்ராஸ் சாப்பர்ஸ் மையத்தின் மதில் என் கூடவே வரும். எம்.இ.ஜி. சென்டர் என்று இங்கே எல்லோரும் சொல்வது அதைத்தான். 1780ஆம் ஆண்டில் மெட்ராஸ் பயனியர்கள் என்ற பெயரில் இரண்டு கம்பெனிகளாக, அதாவது இரண்டு சிறு படைப்பிரிவுகளாகத் தொடங்கிய படை அது. பாலம் போடுவது, பாதை அமைப்பது, கண்ணிவெடி எடுப்பது அவர்களுடைய தொழில். ராணுவம் முழுக்க அந்த வீரர்களுக்குச் செல்லப்பெயர் 'தம்பி'. வடக்கே இருந்து வரும் அதிகாரிகூடத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் தெருவில் அந்தப் படையில் இருந்து ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். இந்தக் கட்டுரையில் உருப்படியாக இருப்பதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது.

தங்கை மகன் அக்னிவீரராக, அதாவது நான்காண்டுப் பணிக்கு எடுக்கப்படும் வீரராகத் தேர்வாகி மே மாதத் தொடக்கத்தில் வந்தான். ஊரிலிருந்து குழுவாக ரயிலில் அழைத்து வந்தார்கள். கண்டோன்மென்ட் ரயில் நிலையத்தில் ஐந்து நிமிடம் பார்த்தேன். முந்தைய வாரம்தான் முடியை ஒட்ட வெட்டியிருந்தான் போலும், காதுகள் இரண்டும் தனியாகத் தெரிந்தன. "பெரியம்மா, இங்கே பக்கத்தில்தானே இருக்கிறீர்கள், பிறகென்ன" என்றான். உண்மையில் என் வீட்டு மாடியிலிருந்து கத்தினால் கேட்கும் தூரம்தான். ஆனால் அந்த ஏழு மாதத்தில் நான் அவனைப் பார்த்தது ஒரே ஒரு முறை, அதுவும் கால் மணி நேரம். ஊரிலேயே பயிற்சி மையம் இருந்தால் வாராவாரம் போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கும் உறவினர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பயிற்சி மொத்தம் 31 வாரம். முதல் 10 வாரம் அடிப்படைப் பயிற்சி: ஓட்டம், அணிநடை, துப்பாக்கி. மீதி 21 வாரம் படையின் தொழில். முதல் 10 வாரம்தான் வீட்டில் இருப்பவர்களைப் பாடாய்ப் படுத்தும். நோட்டில் மே மாதப் பக்கங்களைப் பார்த்தால் தெரியும்: "காலில் கொப்புளம்." "உஸ்தாத் திட்டினார்." "தூக்கம் போதவில்லை." பயிற்சி கொடுப்பவரை உஸ்தாத் என்றுதான் அவர்கள் அழைப்பார்கள். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தங்கை எனக்கு அழைத்து, போய் அழைத்துக்கொண்டு வந்துவிடட்டுமா என்று அழுதாள். சுபேதார் ஐயா அந்தக் கைப்பேசியை வாங்கி நிதானமாகப் பேசினார். "கொப்புளத்தைப் பற்றிப் பேசுகிற பிள்ளை நன்றாக இருக்கிறான் அம்மா. ஒன்றுமே சொல்லாமல் நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்கிற பிள்ளையை நினைத்துத்தான் நாங்கள் கவலைப்படுவோம்." அடுத்த வாரமும் கொப்புளம் என்றே எழுதியிருக்கிறாள். ஆனால் அந்த வாரம் அவள் அழவில்லை.

ஜூலையில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். தங்கையின் மாமியாரை மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். அழைப்பு வந்ததும் அதைச் சொல்லிவிட்டாள். பாட்டி வளர்த்த பிள்ளை அவன். அந்த வாரம் அவனுக்கு ஓட்டத் தேர்வு. வழக்கமாக முன்வரிசையில் வருகிறவன் கடைசி ஆட்களோடு வந்து சேர்ந்தான். தேர்வுகளில் தேறாதவர்களைப் பின்னால் வரும் பேட்சோடு சேர்த்துவிடுவார்கள், பயிற்சிக் காலம் அப்படியே நீண்டுவிடும். அவனுக்கு மறுவாய்ப்பில் சரியாகிவிட்டது. பாட்டியும் தேறி வீட்டுக்கு வந்துவிட்டார். அந்த இரண்டு வாரம் நாங்கள் பட்ட பாடு வேறு யாருக்கும் வேண்டாம்.

வீட்டில் நடப்பதையெல்லாம் மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மறைத்துவிட்டுப் பிறகு தெரிந்தால், அடுத்த முறை நீங்கள் நன்றாக இருக்கிறோம் என்று சொல்வதை அவன் நம்ப மாட்டான். உயிருக்கு ஆபத்தான செய்தியாக இருந்தால் அவனுடைய கம்பெனி அலுவலகத்துக்கு முறையாகத் தெரிவியுங்கள். அதற்கென்றே முதல் வாரத்திலேயே அந்த எண்ணையும் அவனுடைய ராணுவ எண்ணையும் கேட்டு நோட்டின் அட்டையில் எழுதிவிட வேண்டும். செய்தியை அவனிடம் எப்படிச் சொல்ல வேண்டும், வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்பதை அங்கே இருக்கும் பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். மற்ற செய்திகள், மாடு விற்றது, பங்காளிச் சண்டை, கடன்காரர் வந்தது, இவையெல்லாம் அணிவகுப்பு முடிந்து அவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் தமிழ்க் குடும்பங்கள் கொஞ்சம் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும். நமக்கு இனிஷியல் பழக்கம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு எழுத்தும் புள்ளியும் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். வங்கிக் கணக்கில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போயிருக்கும். அம்மாவுக்கு வீட்டில் ஒரு பெயர், ரேஷன் அட்டையில் இன்னொரு பெயர். எங்கள் பிள்ளை விருந்தினர் பட்டியலில் அம்மாவின் பெயரை வீட்டில் கூப்பிடுகிற மாதிரியே எழுதிக் கொடுத்துவிட்டான். நல்ல வேளையாக, என்ன எழுதினாய் என்று தங்கை போனில் கேட்டு நோட்டில் குறித்திருந்தாள். ஆதாரோடு ஒப்பிட்டுப் பார்த்து அடுத்த அழைப்பில் மாற்றச் சொன்னோம். இது வாயிலோடு முடிகிற காரியமும் இல்லை. அக்னிவீரர்களுக்கு 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு இருக்கிறது. மாதச் சம்பளத்தில் 30 சதவீதம் பிடித்து, அரசும் அதே அளவு போட்டு, நான்காண்டு முடிவில் வட்டியோடு ஏறத்தாழ 11.71 லட்சம் சேவா நிதியாகக் கொடுக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் வாரிசுப் பெயர் தேவை. அந்தப் பெயரும் உங்கள் அடையாள அட்டையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிள்ளை கிளம்புவதற்கு முன்பே சரிசெய்துவிடுங்கள். பயிற்சிக்கு நடுவே அவனால் எந்த அலுவலகத்துக்கும் அலைய முடியாது.

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. அணிவகுப்பு எப்போது என்று அவன் தோராயமாகச் சொன்னதும் ஊரே கிளம்பிவிடும். வேன் பேசுவார்கள், பேனர் அடிக்கக் கொடுத்துவிடுவார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள். தேதி நகரலாம், அவன் பேட்ச் மாறலாம். எத்தனை பேருக்கு அனுமதி என்பதும் மையத்துக்கு மையம் வேறுபடும். எங்களுக்கு உறுதியானது கடைசி வாரங்களில்தான். அப்பாவும் அம்மாவும் முதலில், இடம் இருந்தால் மற்றவர்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்று எட்டுப் பேரை அழைத்து வந்து, ஆறு பேரை வெளியே நிற்க வைத்த குடும்பத்தைப் பார்த்திருக்கிறேன். அந்த ஆறு பேர் நினைப்பிலேயே உள்ளே இருந்த இரண்டு பேரும் அணிவகுப்பைச் சரியாகப் பார்க்கவில்லை.

இடத்தையும் முழுப் பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். பெங்களூருவில் 'மிலிட்டரி கேம்ப்' என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் விடுவார். அல்சூரில் சாப்பர்ஸ், அகரத்தில் ராணுவ வழங்கல் படையின் ஏ.எஸ்.சி. சென்டர், ஜாலஹள்ளியில் விமானப்படை என்று ஊரைச் சுற்றி இருக்கின்றன. பாராசூட் ரெஜிமென்டுக்கும் பயனியர் படைக்கும் ராணுவக் காவல் படைக்கும் இதே ஊரில்தான் பயிற்சி மையம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும் காலை ஆறரை மணிக்கு எங்கள் தெரு முனையில் நின்று வழி கேட்டார்கள். மகன் கொடுத்த தாளை வாங்கிப் பார்த்தால் அகரம் என்று இருந்தது. என் கணவர் உடனே வண்டி பிடித்து ஏற்றி அனுப்பினார். போய்ச் சேர்ந்தார்களா என்று அன்று முழுவதும் மனம் அடித்துக்கொண்டது.

பெண் பிள்ளையை அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். ராணுவக் காவல் படையில் பெண் வீரர்களின் முதல் பேட்ச் பயிற்சி முடித்து வெளியே வந்தது இதே பெங்களூருவில்தான், 2021 மே 8ஆம் தேதி, 83 பேர். பரங்கிமலை அதிகாரிகள் அகாடமியில் அணிவகுப்பு முடிந்ததும் பெற்றோரே பிள்ளைகளின் தோளில் நட்சத்திரத்தைக் குத்திவிடுவார்கள். அங்கே போகிறவர்கள் முன்வரிசை உறவினர் யார் என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். கடற்படை அக்னிவீரர்களின் முதல் அணிவகுப்பு 2023 மார்ச் 28 அன்று ஒடிசாவின் சில்காவில் சூரியன் மறைந்த பிறகு நடந்தது. ஆகவே எல்லா அணிவகுப்பும் காலையில்தான் என்று நினைத்து மாலை ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் குன்னூருக்கு அடுத்த வெலிங்டன். அங்கே போகிறவர்கள் ஸ்வெட்டர் இல்லாமல் கிளம்பக் கூடாது.

எங்கள் நாள் டிசம்பர் முதல் வாரத்தில் வந்தது. தங்கையும் மாப்பிள்ளையும் முந்தின நாளே காட்பாடியில் ரயில் ஏறி வந்துவிட்டார்கள். இரவு ரயிலில் வந்து கண்டோன்மென்டில் இறங்கி நேராகப் போய்விடலாம் என்றார் மாப்பிள்ளை. நான் ஒப்புக்கொள்ளவில்லை. ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் ஏழு மாதக் காத்திருப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும். பக்கத்தில் உறவினர் இல்லாதவர்கள் ஒரு இரவு லாட்ஜ் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

டிசம்பர் காலை இங்கே நன்றாகக் குளிரும். எட்டு மணிக்கு மேல் வெயில் சுள்ளென்று அடிக்கும். திறந்த மைதானத்தில் உட்கார வேண்டியிருக்கும். பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டுப் பருத்தியில் வரச் சொன்னேன், மேலே ஒரு சால்வை. வாயிலிலிருந்து மைதானத்துக்கு நடை அதிகம் என்பதால் காலுக்குப் பழகிய செருப்பு. பெரிய பைகளை வீட்டிலேயே வைத்துவிட்டோம். அசல் ஆதார், அழைப்புத் தாள், தண்ணீர், சர்க்கரை மாத்திரை, நோட்டு. இவை மட்டும் ஒரு சின்னத் துணிப்பையில். கைப்பேசியை எங்கே எடுக்கலாம், எங்கே எடுக்கக் கூடாது என்று வாயிலிலேயே சொன்னார்கள். நடக்கும் வழியில் படம் எடுக்கவே கூடாது. அதைக் கேட்டு நடங்கள். உங்களால் ஒரு சிக்கல் வந்தால், தலைகுனிவது அன்று புதிதாகச் சீருடை போட்டிருக்கும் உங்கள் பிள்ளை.

மைதானத்தில் முதலில் பேண்டு சத்தம்தான் வந்தது. பிறகு தரையில் ஒரே மாதிரி விழும் காலடி. தங்கை என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் அழுந்திச் சதையில் பதிந்துவிட்டது. "மூன்றாவது வரிசை, இந்தப் பக்கத்திலிருந்து நான்காவது" என்று மாப்பிள்ளை காட்டினார். ஆமாம், அதே தோள், அதே தாடை. "சாவ்தான்" என்றதும் அத்தனை பூட்ஸும் ஒரே ஒலியாய்ச் சேர்ந்தன. "தாஹினே தேக்" என்றபோது எல்லா முகமும் ஒரே நேரத்தில் எங்கள் பக்கம் திரும்பின. கட்டளைகள் இந்தியில்தான் இருக்கும். அர்த்தம் தெரியாமலே உடம்பு சிலிர்த்தது.

அதற்குப் பிறகு உறுதிமொழி. சமயப் பெரியவர்கள் புனித நூல்களோடு நின்றார்கள். தேசியக் கொடி நின்றது. தரையிலோ கடலிலோ வானிலோ எங்கே அனுப்பினாலும் போவேன், உயிருக்கே ஆபத்தானாலும் கட்டளையை நிறைவேற்றுவேன் என்பது அதன் சாரம். சுபேதார் ஐயா முந்தின நாளே எங்களை உட்கார வைத்து வரிக்கு வரி தமிழில் சொல்லியிருந்தார். உங்களுக்கும் யாராவது முன்கூட்டியே சொல்லித் தர வேண்டும் என்று விரும்புகிறேன். எங்கள் பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது இன்னொரு முழக்கம் மட்டும்தான். தங்கைக்கு அது புரிந்தது. உயிர் என்ற இடம் வரும்போது அவள் கண்ணை மூடவில்லை, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். மெட்ராஸ் சாப்பர்ஸின் சுபேதார் சுப்ரமணியம் 1944இல் இத்தாலியில் தன்னோடு இருந்தவர்களைக் காப்பாற்றக் கண்ணிவெடியின் மேல் விழுந்து உயிர் கொடுத்ததையும், இறந்த பிறகு அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்ததையும் ஐயா அந்த மாலையில்தான் சொன்னார். அதைக் கேட்டு ஒரு இரவுகூட ஆகவில்லை.

மாப்பிள்ளை அணிவகுப்பு முழுவதையும், அனுமதித்த இடத்தில் நின்று, மூன்றாவது வரிசை நான்காவது ஆளைப் பெரிதாக்கிப் படம் பிடித்தார். முடிந்ததும் பெற்றோரை மைதானத்துக்கு அழைத்தார்கள். நாங்கள் அந்தப் பையனை நோக்கி நடந்துகொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து "அம்மா" என்று குரல் கேட்டது. எங்கள் பிள்ளை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தான். உயரத்தைப் பார்த்து வரிசை நிறுத்துவதால் இருவரும் ஒரே அளவு, வெயிலில் கறுத்த முகமும் ஒன்றுபோல. கைப்பேசியில் இருந்த இருபது நிமிடமும் வேறொருவர் பிள்ளை.

எங்கள் பிள்ளை கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "அவனும் நாங்கள் தங்கும் பேரக்கில்தான் பெரியம்மா. ஸ்ரீகாகுளம். வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. அறுப்பு நேரம்" என்று சொல்லிவிட்டுப் போய் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்தான். பெற்றோருக்கு கௌரவ் பதக் என்று ஒரு பதக்கம் அணிவித்தார்கள். தங்கை அதைக் கழற்றாமலே சாப்பாட்டுப் பந்தலில் அந்தப் பையனைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கூட்டமாகப் பரிமாறும் அந்த விருந்தை அவர்கள் படாகானா என்கிறார்கள். வீட்டிலிருந்து எதையும் சமைத்து எடுத்துப் போகத் தேவையில்லை. நான் முறுக்கு மட்டும் கொண்டுபோயிருந்தேன். இருவரும் அதை வேகமாகத் தின்றார்கள், நிமிர்ந்தபடியே தின்றார்கள். அதன் பிறகு எங்கள் பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே நாற்காலியில் தூங்கிவிட்டான். எழுப்ப வேண்டாம் என்று மாப்பிள்ளை சைகை காட்டினார். பேசத் திட்டமிட்டு வந்ததையெல்லாம் விட்டுவிட்டு, வெயில் அவன் முகத்தில் படாதபடி தங்கை நகர்ந்து உட்கார்ந்தாள்.

அந்தப் படத்தை அன்று மாலையே ஸ்ரீகாகுளத்துக்கு அனுப்பினோம். அந்தப் பையனின் அம்மாவிடம் கைப்பேசி இல்லை, பக்கத்து வீட்டு எண்ணைத்தான் பையன் கொடுத்திருந்தான். இரவு ஒன்பது மணிக்கு அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தங்கைக்குத் தெலுங்கு தெரியாது. அல்சூரில் இத்தனை ஆண்டு இருந்ததில் எனக்குக் கொஞ்சம் வரும். ஒரு நிமிடம் அந்த அம்மாவால் பேச முடியவில்லை. பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் பதில் சொன்னேன். அவர் வைத்துவிட்டார்.

என்ன கேட்டார்கள் என்று தங்கை நோட்டைத் திறந்து பேனாவை எடுத்தாள். தேதி போட்டு, இரண்டு நிமிடம் என்று எழுதி, நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள்: "சாப்பிட்டானா என்றார்கள். சாப்பிட்டான் என்றோம்."